எதிர்ப்பக்கக் கைப்பிடி

பல்லக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளராக இருப்பவளை யார் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவர்கள், வெளியே வந்து பஞ்சைத் துப்பிவிட்டு, மரத்துப்போன உதட்டோடு வைத்த பேர்தான் பல்லக்கா. வயது ஐம்பத்தொன்று. ஆள் குள்ளம். கை மட்டும் ஆளுக்குப் பொருந்தாத பெரிய கை. டாக்டர் கேட்பதற்கு முன்னால் வேண்டிய கருவி டாக்டர் கையில் இருக்கும். பெரிய டாக்டர் ஓய்ந்துபோய் அவர் மகள் சின்ன டாக்டர் வந்து உட்கார்ந்த பிறகும் அதில் மாற்றமில்லை.

"ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறா, வீட்ல என் தம்பியை மட்டும் வாயைத் திறக்க விடமாட்டா" என்பது நாத்தனாரின் பழைய குற்றச்சாட்டு. அதில் நியாயமில்லை. தம்பிக்காரர் கல்யாணத்துக்கு முன்பே வாயைத் திறக்காதவர். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்றுகொண்டு 'மேலே', 'கீழே', 'நிறுத்து' என்ற மூன்று வார்த்தைகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர். வீட்டுக்கு வந்தால் அந்த மூன்றும்கூடத் தேவைப்படாது. அப்படிப்பட்டவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பேர் ரம்பம். பேசியே அறுக்கிறவர்களுக்கு வைக்கிற பேர் பேசாமல் அறுத்தவருக்குக் கிடைத்தது. மகளின் சிநேகிதிகள் 'ரம்பம் வீடு எது' என்று கேட்டுக்கொண்டு வருவார்களாம்.

அவர் அறுத்தது மரத்தை. வீட்டை ஒட்டி, கார் நிறுத்தலாம் என்று கட்டிய ஷெட் ஒன்று உண்டு. கார் வரவே இல்லை. முதலில் ஒரு வேலை மேஜை வந்தது, பிறகு உளிகள், இழைப்புளிகள், ஒரு இழைப்பு மெஷின், கடைசியாக ஒரு பெரிய சங்கிலி ரம்பம். எங்காவது மரம் சாய்ந்தது என்று காதில் விழுந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நிற்பார். சாய்ந்த மரம் அநேகமாக அடுப்புக்குத்தான் போகும். அவர் கேட்டு வாங்கி, விழுந்த இடத்திலேயே அதை நீளவாக்கில் பலகையாக அறுத்து எடுத்து வருவார். பச்சைப் பலகை காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பலகையின் முனையிலும் அறுத்த தேதியையும், அதன் கீழே காயும் தேதியையும் தச்சுப் பென்சிலால் எழுதுவார். கட்டிலுக்கு அடியில் பலகை, பீரோவுக்குப் பின்னால் பலகை. மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அறுத்த மரத்தில் செய்த மேஜை, அவள் வேலைக்குப் போய் வேறு ஊரில் வீடு பிடித்த பிறகுதான் அவளைப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டில் எதுவும் சட்டென்று நடக்காது.

பல்லக்கா இதற்குள் எப்படி வந்தாள் என்றால், எரிச்சலில் வந்தாள். அந்தச் சங்கிலியில் ஐம்பத்தாறு பல். ஒன்றுவிட்டு ஒன்று இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறி இருக்கும். ஒரு கட்டை அறுத்தால் மழுங்கிப்போகும்; உருண்டை அரத்தால் ஒவ்வொன்றாக ராவிக் கூர் ஏற்ற வேண்டும். அவர் ராவினால் ஒரு பல் நெட்டை, ஒரு பல் குட்டை. ரம்பம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பலகை படகு மாதிரி வளைந்து வரும். ஒருநாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. பல் என்றால் ஒரே வரிசையாக, ஒரே உயரமாக இருக்க வேண்டாமா என்று கேட்டு அரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பல்லுக்கு மூன்று இழுப்பு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு அறுத்த பலகை நூல் பிடித்த மாதிரி வந்தது. அதிலிருந்து பகலில் மனுஷப் பல், சாயங்காலம் சங்கிலிப் பல் என்று ஆகிவிட்டது. சங்கிலி கூசுகிறது என்று நெளியாது, வாய் கொப்பளிக்க எழுந்து போகாது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அரத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்டை பெரிதாக இருந்தால் அறுப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ரம்பத்தை ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தி, கட்டையின் மேல் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இஞ்சின் இருக்கும் பக்கம் விசையைப் பிடிக்க ஒருவர். சட்டத்தின் மறுமுனையில் ஒரு கைப்பிடி இருக்கும், அதைப் பிடிக்க ஒருவர். அந்தக் கைப்பிடி அவளுடையது என்று எப்போது முடிவானது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. நடுவில் கட்டை. அந்தப் பக்கம் அவர் தலையை அசைத்தால் தள்ள வேண்டும், இந்தப் பக்கம் அவள் புருவத்தைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். ஆறேழு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். உள்ளபடி சொன்னால், மற்ற கிழமைகளைவிட அன்றைக்குத்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

பதினாலு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை அது நின்றுபோனது. சங்கிலி ரம்பத்தின் மேல் குற்றமில்லை. அடுப்படி மேஜை இழுப்பறைக்குக் கைப்பிடி போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. பல்லக்கா கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் அதைத் திறந்துகொண்டிருந்தாள். ஊரான் வீட்டு மரத்தையெல்லாம் பலகை போடுகிறவர் பெண்டாட்டிக்கு ஒரு கைப்பிடி செய்து தர மாட்டாரா என்று அன்றைக்கு இரண்டு தரம் கேட்டாள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். சாண் நீளத் துண்டை இழைப்பு மெஷினில் விட்டார். அவ்வளவு சின்னத் துண்டை வெறும் கையால் அழுத்தக் கூடாது என்பது அவருக்கே தெரியும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. இரத்தத்துக்குப் பழகியவள்தான், ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டால் கையைச் சுற்றி அவரை உட்காரவைத்துவிட்டு, மரச் சீவலைக் கிளறிக் கிளறி விரல் நுனியைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. ஒட்டவைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைக் கொண்டுபோய் பல் ஆஸ்பத்திரிக் கருவி அலமாரியில், யாரும் எடுக்காத பழைய குறடுகளுக்கு அடியில் வைத்தாள்.

அவர் சாவியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள், மனசு ஆறியிருக்கும். அவர் வேலைக்குப் போனார், வந்தார், டிவி முன்னால் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமையும் டிவி முன்னால் உட்கார்ந்தார். எங்கோ மரம் விழுந்திருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், மூளிக் கையைத் தூக்கிக் காட்டி, "வீட்ல பூட்டிட்டாங்கப்பா" என்று சிரித்தார். வந்தவர் பல்லக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். நாத்தனார் பார்வையோடு நிறுத்துகிறவள் அல்ல. விரலை எடுத்தது மெஷின், மிச்சத்தை எடுத்தது இவள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தாள். மகள்கூடப் போனில், "அப்பா பாவம்மா, பூட்டை எடுத்துடேன்" என்றாள். பல்லக்கா எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். அவர்கள் சொல்வது தப்பில்லையோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. கைப்பிடி கேட்டதும் அவள், பூட்டினதும் அவள். இழுப்பறை இன்னும் கரண்டிக் காம்பில்தான் திறந்துகொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அடித்த காற்றில் பல் ஆஸ்பத்திரிப் பின்பக்கத்து வாகை மரம் வேரோடு சாய்ந்தது. நல்லவேளையாக வண்டி எதுவும் நிற்கவில்லை. வியாழக்கிழமை ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்து எடுத்துப் போனார்கள். பத்தடி நீளத்துக்கு அடிமரம் மட்டும் கிடந்தது. ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத சுற்றளவு. அதை ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு விறகுக்காரர் வந்து துண்டு போட்டு ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. பல்லக்கா பஞ்சுக் கூடையைக் கொட்டப் போனவள் அதன் வெட்டுமுகத்தைப் பார்த்து நின்றாள். வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு அதன் மேல் ஊற்றினாள். ஓரத்தில் வெண்ணெய் நிறம், நடுவில் கறுத்த பழுப்பு, அதற்குள் நெளி நெளியாக வரி. இதை அவர் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுப்பில் போய் எரியப் போகிறது என்பது அப்புறம்தான் தோன்றியது.

சின்ன டாக்டரிடம் கேட்டாள். "தாராளமா எடுத்துக்கங்க அக்கா, திங்கக்கிழமை வண்டி நிறுத்த இடம் இருந்தா சரி" என்றாள் டாக்டர். ஐந்து மணிக்குள் அறுத்தது உங்களுக்கு, மிச்சம் விறகுக்காரருக்கு என்று முடிவானது. பல்லக்கா பழைய குறடுகளை நகர்த்திச் சாவியை எடுத்தாள். வழியெல்லாம் அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். இந்தக் கட்டையை விட்டால் இனி எந்தக் கட்டைக்கும் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று ஏனோ உறுதியாகத் தோன்றியது. விரல் போனவர் முழுசாகவே போய்விடுவாரோ என்பதுதான் அவள் பயம்.

சாவியை அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அவர் சாவியை ஏதோ செத்த பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மெஷின் இவ்வளவு நாள் சும்மா கிடந்தது, கிளம்புமோ கிளம்பாதோ என்றார். பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மழை என்று டிவியில் சொன்னதாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். புதுப் பெட்ரோல் வாங்கலாம், மழை வந்தால் தார்ப்பாய் இருக்கிறது. பதினாலு மாசம் பூட்டி வைத்ததற்குக் கோபத்தைக் காட்டுகிறார், காட்டட்டும், அந்தக் கோபம் தனக்கு வேண்டியதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி வைஸ் இடுக்கியில் பிடித்து ஐம்பத்தாறு பல்லையும் ராவினாள். கை மறக்கவில்லை. பல்லுக்கு மூன்று இழுப்பு. அவர் வாசற்படி வரை வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு லிஃப்ட் கம்பெனி வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார்கள். கட்டையின் முதுகு மேடும் பள்ளமுமாக இருக்கும், அதன் மேல் சட்டம் நேராக ஓடாது. அதனால் முதல் அறுப்புக்கு ஒரு ஏணியைப் படுக்கவைத்து அதன் மேல் சட்டத்தை ஓட்டுவார்கள். பல்லக்கா ஏணியை மட்டம் பார்த்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சங்கிலியை மாட்டினார். வழக்கமாக ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கு ஏணி வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்துகொண்டிருந்தார். நாலாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது. கிளம்பாது என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா, அது கிளம்பியதும் அவர் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். அதையும் கோபக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலையை அசைத்தார். மெஷின் அலறியது. ஆனால் கட்டை அசைந்துகொடுக்கவில்லை. பழுப்புத் தூள் அருவி மாதிரி கொட்ட வேண்டும். ஒரு சிட்டிகைகூட விழவில்லை. புகைதான் வந்தது. கரிந்த வாசனை துணியைத் தாண்டி மூக்கில் ஏறியது. அவர் இன்னும் அழுத்தினார், இன்னும் புகை. அவள் புருவத்தைத் தூக்கினாள். அவர் பார்க்கவில்லை. கையைத் தூக்கினாள். மெஷின் நின்றது.

குனிந்து பார்த்தாள். மேல்வரிசைப் பற்கள் ரம்பத்தின் மூக்கை, அதாவது நுனியை, பார்த்து நிற்க வேண்டும். அவை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இஞ்சினைப் பார்த்து நின்றன. புதிதாக ரம்பம் வாங்கியவன் முதல் நாளில் செய்கிற தப்பு. அதைச் செய்தவனைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் அதைச் செய்ததில்லை.

"சங்கிலியைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றாள்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காது மூடியைக் கழற்றிக் கட்டையின் மேல் வைத்துவிட்டு, தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கையால் வலது கையை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தெரிஞ்சு போட்டேனா தெரியாம போட்டேனான்னு எனக்கே தெரியல" என்றார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. "அன்னிக்கு நீ பூட்டினப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா? யார் கேட்டாலும் அவ பூட்டிட்டான்னு சொல்லிக்கலாம். பயமா இருக்குன்னு சொல்ல வேண்டாம் பாரு."

பல்லக்காவுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. நல்ல கோபம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதினாலு மாசம். நாத்தனார் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சொந்தக்காரர்கள் பார்த்த பார்வையைச் சொன்னாள். பெற்ற மகள் போனில் புத்தி சொன்னதைச் சொன்னாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இவர் சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லையே என்றாள். பல் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகக் குரலை உயர்த்தாதவள் அதே ஆஸ்பத்திரியின் கொல்லையில் நின்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் கேட்க யாருமில்லை. கத்தி முடித்தபோது குரல் உடைந்துபோயிருந்தது.

"கைப்பிடி கேட்டது நான்தானேன்னு தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குப் புதுச் செய்தி. இத்தனை மாசமும் அவள் வாயைத் திறக்காததும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கைப்பிடியால இல்லம்மா. அழுத்தறதுக்குன்னு வெச்சிருக்கற கட்டை கை எட்டற தூரத்துலதான் இருந்துது. எடுக்கச் சோம்பேறித்தனம். அதை யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல."

அவள் கட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் போய்விடவில்லை, ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. பல் பிடுங்க வருகிறவர்களில் ஆறடி ஆட்கள்தான் அதிகம் நடுங்குவார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் தோளில் கை வைப்பது இத்தனை வருஷமாக அவள் வேலை. வீட்டில் ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் கோபம் என்று படித்துவிட்டாள். தன் மேலும் தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அதை அவரிடம் சொல்கிற மனநிலையில் இல்லை.

எழுந்தாள். ஸ்பேனரை எடுத்து ரம்பத்தின் பக்க மூடியைக் கழற்றி, சங்கிலியை உருவித் திருப்பி, பற்கள் மூக்கைப் பார்க்கும்படி மாட்டி முறுக்கினாள். இரண்டு விரலால் சங்கிலியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிறகு காது மூடியை மாட்டிக்கொண்டு இஞ்சின் பக்கம் போய் நின்றாள்.

"நீங்க அந்தப் பக்கம் போங்க."

"நீயா?" என்றார் அவர்.

"வாய்க்குள்ள மெஷின் ஓடறதைப் பக்கத்துல நின்னு இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். அதுக்குப் பயப்படாதவ இதுக்கா பயப்படப் போறேன்?"

சொன்னாளே தவிர, விசை எது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். விசையைப் பிடித்ததும் மெஷின் அவளையும் சேர்த்து உலுக்கியது. ஆனால் எதிரே அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்தாள். தூள் கொட்டத் தொடங்கியது. ஓர் அடி, இரண்டு அடி. அறுத்த வாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடாமல் இருக்க, அவர் பின்னாலேயே வந்து ஆப்பு வைத்தார். அவள் சட்டத்தைச் சாய்த்தால் புருவத்தைத் தூக்கினார். அவள் நேராக்கினால் தலையை அசைத்தார். வாகைத் தூளுக்கு மூக்கில் ஏறினால் விடாத குணம். இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தும்மி மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

பட்டையோடு இருந்த மேல் தோட்டை நெம்பி எடுத்ததும் உள்ளே இருந்த மரம் வெளிச்சத்துக்கு வந்தது. வெண்ணெய்க் கரை வைத்த பழுப்பு. ஈரத்தில் பளபளத்தது. அவர் வலது கையை மறைப்பதை மறந்து, மூன்று விரலும் இரண்டு மூளியுமாக அதன் மேல் வைத்துத் தடவினார். பல்லக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துணியால் மூக்கைத் துடைத்தாள். அது தும்மலால் அல்ல.

இரண்டு அங்குலக் கனத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பலகை இறங்கியது. நடுவில் ஒரு தடவை சங்கிலியை ராவினாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டை மேலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். நாலாவது பலகை இறங்கும்போது மணி நாலு. விறகுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து சுற்றுச்சுவரில் உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்ப்பவர்களுக்கே உரிய தாராளத்தோடு யோசனை சொல்ல ஆரம்பித்தார். இந்தம்மா தள்ளுது, ஐயா பிடிக்கிறாரு, உலகம் மாறிப்போச்சு என்றார். இன்னும் ஒரு பலகை போக மிச்சம் அவருக்குத்தான்.

லிஃப்ட்காரர் கட்டையைச் சுற்றி நடந்து அவள் பக்கம் வந்தார்.

"இந்த ஒண்ணை நான் போடறேன்."

"பயம் போயிடுச்சா?"

"இல்ல. எதிர்ல நீ இருப்பேல்ல."

அவள் சுற்றிக்கொண்டு போய்த் தன் பழைய கைப்பிடியைப் பிடித்தாள். ஆள்காட்டி விரலின் மிச்சம் விசைக்கு எட்டவில்லை. அவர் மோதிர விரலை வைத்துப் பார்த்தார், சரியாக வந்தது. அறுக்கத் தொடங்கினார். நாலு அங்குலம் போயிருக்கும், நிறுத்தினார். கையைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி தொடங்கினார், நிறுத்தினார். மறுபடி. ஒவ்வொரு தடவையும் அவள் கைப்பிடியை விடாமல் நின்றாள். தலையை அசைக்கவில்லை, புருவத்தைத் தூக்கவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருப்பது போலக் காத்திருந்தாள். விறகுக்காரர் மணியைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். பல்லக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ பேர் வாயைத் திறக்க வைத்தவள், அன்றைக்கு ஒருவர் வாயை மூட வைத்தாள்.

ஆறு அடி போவதற்குள் நாலரை மணி தாண்டிவிட்டது. பிறகு மெஷின் நிற்கவில்லை. அவர் தலையை அசைத்தார், அவள் தள்ளினாள். ரம்பம் கட்டையின் மறுமுனையில் வெளியே வந்த பிறகுதான் மெஷின் ஓய்ந்தது. அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

பலகையைத் திருப்பிப் போட்டுத் தூளைத் துடைத்தார்கள். ரம்பத்தை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு விழுந்துவிடும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் விழும். அந்தப் பலகை முழுக்கக் கோடு. பல்லக்கா பல் எண்ணுகிற மாதிரி விரல் வைத்து எண்ணினாள். முதல் மூன்று அடிக்குள் ஒன்பது. அடுத்த மூன்று அடியில் மூன்று. கடைசி நாலு அடியில் ஒன்றுகூட இல்லை.

அவர் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முனையில் பென்சிலால் அன்றைய தேதியை எழுதி, கீழே இரண்டு வருஷம் தள்ளி இன்னொரு தேதியையும் எழுதினார். பிடி மாறிப்போனதால் எழுத்து கோணலாக இருந்தது.

"அசிங்கமா இருக்கு" என்றார். "காய்ஞ்சதும் இழைச்சு எடுத்துடறேன். கோடு விழுந்ததே தெரியாது."

"இதுல கை வெச்சீங்கன்னா திரும்பவும் பூட்டிடுவேன்" என்றாள் பல்லக்கா.

சாவி அப்போது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பலகையின் ஒரு முனையைத் தூக்கினார், அவள் மறுமுனையைத் தூக்கினாள்.